கரையில் யாரைக் கூப்பிடுவது

தனியாகக் கடலுக்குப் போகும் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் செய்கிற தப்பைத்தான் ஓட்வாரும் செய்தார். படகில் வைக்கப் போகும் வயர்லெஸ்ஸுக்கு எண்ணும் உரிமமும் கேட்டு விண்ணப்பம் போட்டவர், "ஆபத்து நேர்ந்தால் கரையில் யாரைக் கூப்பிடுவது?" என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதி, தன் கைப்பேசி எண்ணையே கொடுத்திருந்தார். உரிமம் தரும் அலுவலகம் அதை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் ராக்னியின் கடைக்கு வந்தார். ஹெஸ்டோய் தீவில் மளிகை, தபால், காபி, வம்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கடைதான். கடையின் பின்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் விண்ணப்பத்தையே போட்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் ஃபெரியின் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். இரும்பும் எண்ணெயும் என்ன சொல்கின்றன என்று காது வைத்தே சொல்லிவிடுவார். காகிதம் என்ன சொல்கிறது என்பதற்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும்.

"என்னதான் சொல்றாங்க?" என்றார்.

ராக்னி படித்தாள். "நீங்க தண்ணியில விழுந்தா உங்க போனும் கூடவே விழும்னு சொல்றாங்க. நாசூக்காத்தான் எழுதியிருக்காங்க."

"அது சரிதானே."

"சரிதான். அதனால கரையில இருக்கற வேற ஆளு பேரு வேணுமாம். எப்பக் கூப்பிட்டாலும் எடுக்கற ஆளா."

ஓட்வார் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். கல்லாவில் இருந்த போர்கில் இதையெல்லாம் கேட்காதவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். போர்கிலுக்கு எழுபத்திரண்டு வயது. ராக்னியின் கணவர் ஸ்டெய்னாரின் அக்கா, ராக்னிக்கு அண்ணி முறை. தம்பி செத்துப் பதினாலு வருஷம் ஆகியும் தம்பி மனைவியின் கடைக்குத் தினமும் காலையில் வந்து உட்கார்ந்துவிடுவார். சம்பளம் வாங்குவதில்லை. பேச்சு மட்டும் தாராளம்.

"ஏம்ப்பா ஓட்வார், சொந்தம்னு ஒருத்தரும் இல்லையா உனக்கு?"

"தம்பி ஒருத்தன் இருக்கான். ஆஸ்திரேலியாவுல."

"விளங்கிடும். அவனை எழுப்பி, அவன் கண்ணைக் கசக்கிக்கிட்டு ஹெஸ்டோய் எங்க இருக்குன்னு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீ ஸ்காட்லாந்துல கரை ஒதுங்கியிருப்பே."

ஓட்வார் சிரித்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். யோசித்துப் பார்த்து, படகுச் சங்கத்துத் தொலைபேசி எண்ணைப் போட்டு அனுப்பினார். ஒன்பதாம் நாள் அதுவும் திரும்பி வந்தது. சங்கக் கட்டடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிற விஷயம் அலுவலகத்துக்கு எப்படித் தெரிந்ததோ, மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மணி பூட்டிய அறையில் அடித்து ஓய்ந்திருக்கிறது.

அந்த வயர்லெஸ் விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு சிவப்பு மூடி, மூடிக்குக் கீழே ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்தால் படகுக்கென்று கொடுத்த ஒன்பது இலக்க எண் காற்றில் போகும். மீட்பு மையத்தில் இருப்பவர் அந்த எண்ணைத் தட்டினால் படகு என்ன நிறம், யாருடையது, கரையில் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் வந்துவிடும். முழுகுகிறவனுக்குப் பேசத் தெம்பு இல்லாவிட்டாலும் அவனுக்காக எண் பேசும். ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு பெயர் இருந்தாக வேண்டும். ஒரு மனிதனுக்கு உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று இதைவிடச் சின்ன இடத்தில் யாரும் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை கடை காலியாகும்வரை ஓட்வார் அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் வாங்கிய அதே காபித்தூளை இன்னொரு பாக்கெட் எடுத்துக்கொண்டு வந்து வைத்தார்.

"ராக்னி, உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. காபித்தூளை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"வேண்டாம்."

"தொந்தரவு ஒண்ணும் இருக்காது. சும்மா ஒரு பேருக்கு..."

"யார் பேரை வேணா போடுங்க. என் பேரைப் போடாதீங்க." குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

"சரி," என்றார் ஓட்வார். கோபமோ வருத்தமோ காட்டவில்லை. காபித்தூளை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. திங்கட்கிழமைக்குள் ஓட்வார் ஏதோ கேட்டார், ராக்னி முடியாது என்று சொல்லிவிட்டாள் என்ற சேதி தீவின் இரண்டு முனைக்கும் போய்விட்டது. என்ன கேட்டார் என்பதை அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொண்டார்கள். மோதிரம்கூட வாங்கி வைத்திருந்தாராம் என்று ஒருத்தர் என்னிடமே சொன்னார்.

ஜூன் மாதம் கானாங்கெளுத்தி மீன் வந்தது. இங்கே அது வந்தால் பல் வலிக்காரன்கூடத் தூண்டிலோடு படகில் ஏறிவிடுவான். ஓட்வார் ஏறவில்லை. வயர்லெஸ் இல்லாமல் தனியாகப் போவதில்லை என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். உரிமம் இல்லாத வயர்லெஸ்ஸைத் தொடுவதில்லை என்பது இன்னொன்று. ஃபெரிக்காரன் புத்தி அது, தலையால் தண்ணீர் குடித்தாலும் மாறாது. வெள்ளைப் படகைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி ஆக்கிவிட்டு, கட்டிய கயிறு கட்டியபடி இருக்க, துறையிலேயே அதற்குள் உட்கார்ந்து பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருப்பார். மற்ற படகுகள் அவரைத் தாண்டிப் போகும், மீனோடு திரும்பி வரும். அவர் கை ஆட்டுவார்.

கடையின் ஜன்னல் துறையைப் பார்த்தபடிதான் இருக்கும். ராக்னி பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தாள். பால் பெட்டிகளை அடுக்கும்போது இன்னும் மோசம். அந்த வேலைதான் அன்றைக்கும் செய்துகொண்டிருந்தாள்.

ஸ்டெய்னார் போன அன்றைக்கு. அக்டோபர் மாதம், காலை ஏழு மணி. ஃபெரியில் வந்த பால் பெட்டிகளை அவள் குளிர்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை குறைந்திருந்தது, அந்த எரிச்சல். ஸ்டெய்னார் வாசலில் நின்று என்னவோ சொன்னார். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், தினமும் அதுதான் வழக்கம். அவள் திரும்பிப் பார்க்காமல் "ம்" என்றாள். கதவு சாத்தியது.

பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மீட்பு மையம். உங்கள் கணவரின் படகு எண்ணிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, இடம் தெரியவில்லை, எந்தப் பக்கம் போனார் என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னார்? தெரியவில்லை. என்ன உடுத்தியிருந்தார்? அவள் திரும்பிப் பார்க்கவே இல்லையே. கடைசியில் அந்த ஆள், "உங்ககிட்ட ஒண்ணும் சொல்லாமத்தான் போனாரா அம்மா?" என்று இரக்கத்தோடு கேட்டார். "ஆமாம்," என்று சொல்லிவிட்டாள் ராக்னி. அந்த ஒரு சொல் அப்படியே ஊரில் நிலைத்துவிட்டது. மேற்கே அவர் வழக்கமாகப் போகும் இடத்தில் நாள் முழுக்கத் தேடினார்கள். இரண்டு நாள் கழித்துக் கிழக்கே கிடைத்தார்.

அன்றிலிருந்து போர்கில், தூண்டில் இரை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுவார்: "எங்க போறேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போங்க. என் தம்பி மாதிரி வாயை மூடிக்கிட்டுப் போகாதீங்க." நல்ல எண்ணத்தில்தான் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் ராக்னி பின்னறைக்குள் போய் எதையாவது அடுக்குவாள்.

ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அவள் துறைக்கு நடந்தாள். வெயில் நன்றாக இருந்தது. ஓட்வார் படகுக்குள் உட்கார்ந்து எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மறந்த காபித்தூளை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, உட்காரும் பலகையில் நகர்ந்து இடம் விட்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பால் பெட்டி, "ம்", பதினோரு மணி, "ஆமாம்". யாரிடமும் சொல்லாததை இந்த மனிதரிடம் ஏன் சொல்கிறோம் என்று சொல்லும்போதே தோன்றியது. ஒருவேளை அவர் குறுக்கே பேசாததால் இருக்கும். முடித்ததும், "அண்ணிக்குத் தெரியாது," என்றாள்.

"நீங்களே சொல்ற வரைக்கும் என் மூலமாத் தெரியாது," என்றார் ஓட்வார்.

பிறகு வெகுநேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று ராக்னி பயந்தாள். அவர் சொன்னது வேறு.

"ஃபெரியில மேல இருந்து கேப்டன் ஒண்ணு சொன்னா, கீழ எஞ்சின் ரூம்ல நாங்க அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். 'மெதுவாப் பின்னால'ன்னு அவர் சொன்னா, 'மெதுவாப் பின்னால'ன்னு நான் சொல்லணும். அதுக்கப்புறம்தான் எஞ்சின்ல கை வைப்பேன். சரி, ஆகட்டும், ம், இதெல்லாம் பதிலே கிடையாது. திருப்பிச் சொல்லலேன்னா கேக்கலேன்னு அர்த்தம்."

"அதுக்கென்ன இப்ப?"

"கேக்காம விட்டது உங்க தப்புன்னா, நீங்க திருப்பிச் சொல்றதைக் கேக்காமப் போனது அவர் தப்பும்தான். எங்க கேப்டனா இருந்தா கதவுகிட்டயே நின்னிருப்பார்." கொஞ்சம் தயங்கினார். "நான் போகும்போது போன் பண்ணிச் சொல்றேன். நீங்க திருப்பிச் சொல்லுங்க. நீங்க திருப்பிச் சொல்ற வரைக்கும் கயிறை அவுக்க மாட்டேன். அப்படின்னா உங்க பேரைப் போட்டுக்கலாமா?"

ராக்னி தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது அப்படியேதான் இருந்தது, அதற்குப் பக்கத்தில் இந்த மனிதரும் உட்கார்ந்திருந்தார்.

"போடுங்க," என்றாள். "கடை நம்பரும் போடுங்க, வீட்டு நம்பரும் போடுங்க."

பத்து நாளில் உரிமம் வந்தது. எண் இரண்டு ஐந்து ஏழு என்று ஆரம்பித்தது, இந்த நாட்டுப் படகுகளுக்கு அப்படித்தான். எண்ணை வயர்லெஸ்ஸுக்குள் ஏற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. தப்பாக அடித்துவிட்டால் அழிக்க முடியாது, பெட்டி பூட்டிக்கொள்ளும், விற்ற இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஓட்வாரின் விரல்களோ ஒவ்வொன்றும் ஒரு பொத்தானுக்குப் பதில் மூன்றை மறைக்கும். அதனால் ராக்னி காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள், அவர் திருப்பிச் சொன்னார், பென்சில் முனையால் அழுத்தினார்.

"ஒன்பது."

"ஒன்பது."

"அப்புறம் ஒண்ணு."

"அப்புறம் ஒண்ணு."

"அப்புறம்ங்கறதையும் அழுத்திடாதீங்க."

கடைசி இலக்கம் முடிந்து "சரி" பொத்தானை அழுத்தும்போது இரண்டு பேருமே மூச்சை நிறுத்தி வைத்திருந்தார்கள். திரையில் எண் வந்து நின்றது. ஒன்பது இலக்கமும் சரியாக இருந்தன. தன் படகுக்குப் பெயர் வைத்த நாளில்கூட ஓட்வார் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். இடத்தைக் காட்டும் கருவியிலிருந்து வயர்லெஸ்ஸுக்கு இரண்டு மெல்லிய கம்பி இழுத்துவிட்டால் எண்ணோடு இடமும் சேர்ந்து போகும். அதற்கு ஒரு சின்ன இணைப்பான் வரவேண்டியிருந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எஞ்சின் என்றால் அன்றைக்கே செய்திருப்பார். கம்பி வேலையெல்லாம் மேல்தளத்து ஆட்கள் பாடு என்று எஞ்சின் அறைக்காரர்களுக்கு ஒரு எண்ணம் உண்டு.

பிறகு தினமும் காலையில் கடைத் தொலைபேசி அடித்தது.

"ராக்னி, நான் ஓட்வார். தெற்கே கலங்கரை விளக்கு வரைக்கும். ஒரு மணிக்குத் திரும்பிடுவேன். சிவப்பு லைஃப் ஜாக்கெட்."

"தெற்கே கலங்கரை விளக்கு வரைக்கும். ஒரு மணி. சிவப்பு ஜாக்கெட்."

முதல் வாரம் அவ்வளவுதான். இரண்டாவது வாரம் ஸ்வெட்டரின் நிறமும் வந்தது. மூன்றாவது வாரம் ரொட்டிக்குள் என்ன இருக்கிறது, மாத்திரை போட்டாச்சா, முழங்கால் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் வந்துவிட்டது. ராக்னி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். "வெள்ளரிக்காயும் முட்டையும். முழங்கால் பரவாயில்லை." வரிசையில் நிற்கிறவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுக்குக் கல்யாணமே பண்ணிக்கலாம், போன் பில்லாவது மிச்சம்," என்றார் போர்கில்.

"சும்மா இருங்க அண்ணி."

"சும்மாதான் இருக்கேன். எங்க போறேன்னு சொல்லிட்டுப் போற ஆம்பளை ஒருத்தனாவது இந்தத் தீவுல இருக்கானேன்னு சந்தோஷம். ஸ்டெய்னாருக்கு அந்தப் புத்தி இருந்திருந்தா..."

ராக்னி பின்னறைக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை. காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பதினொன்றரைக்கெல்லாம் மூடுபனி வந்து, ஜன்னலிலிருந்து துறையே தெரியவில்லை. ராக்னி மணியைப் பார்த்தாள். பனி பார்த்தால் நின்று கொள்வார், மூணு மணிக்குத்தானே வருவதாகச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது.

"மீட்பு மையத்துலேர்ந்து பேசறோம். ராக்னிங்களா?" சின்ன வயசுப் பெண்ணின் குரல். "ஓட்வார் அப்படிங்கறவரோட படகு எண்ணுலேர்ந்து அபாய அழைப்பு வந்திருக்கு. எண் மட்டும்தான் வந்துச்சு, இடம் வரல. வயர்லெஸ்ல பேச முயற்சி பண்றார், சத்தம் உடைஞ்சு உடைஞ்சு வருது, ஒண்ணும் புரியல. கைப்பேசி அணைஞ்சிருக்கு. அவர் எந்தப் பக்கம் போனார்னு உங்களுக்குத் தெரியுமா?"

கல்லாவின் விளிம்பை ராக்னி பிடித்துக்கொண்டாள்.

"தெரியும். வடக்கே, ஸ்கார்வன் பாறைக்கு உள்பக்கம். ஒன்பதரைக்குக் கிளம்பினார். ஒரு மணி வரைக்கும் அங்க மீன் பிடிச்சுட்டு, திரும்பும்போது கிழக்குக் கால்வாய் வழியா வரேன்னார். மூணு மணிக்கு இங்க இருக்கணும்."

"ஸ்கார்வன் உள்பக்கம், ஒரு மணி வரைக்கும். அப்புறம் கிழக்குக் கால்வாய்." அந்தப் பெண்ணும் திருப்பிச் சொன்னாள். பின்னால் யாரோ அதை இன்னொரு படகுக்குச் சொல்வது கேட்டது. "படகுல எத்தனை பேரு?"

"அவர் ஒருத்தர்தான்."

"என்ன உடுத்தியிருக்கார்?"

"சிவப்பு லைஃப் ஜாக்கெட். உள்ள சாம்பல் ஸ்வெட்டர், இடது முழங்கையில பச்சை நூல்ல தைச்சது. ரெண்டு ஜோடி சாக்ஸ்."

"சாக்ஸ் தேவைப்படாதுங்க."

"அவர் சொன்னார், நான் சொல்றேன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடறவர், இன்னிக்குச் சாப்பிட்டாச்சு. நீச்சல் சுமாரா வரும். பதட்டப்படற ஆள் இல்ல, நீங்க சொல்றதைத் திருப்பிச் சொல்லுவார்."

"ரொம்ப உதவிங்க. மீட்புப் படகு கிளம்பிடுச்சு. போன் பக்கத்துலேயே இருங்க," என்றாள் அந்தப் பெண்.

போர்கில் கடைக் கதவைப் பூட்டிவிட்டு, இரண்டு நாற்காலிகளைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசவில்லை. ராக்னியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரம் நாற்பத்தெட்டு நிமிஷம் நகர்ந்தது. அந்த நேரத்தில் ராக்னி ஓட்வாரைப் பற்றி மட்டும்தான் நினைத்தாள் என்று சொன்னால் பொய். அன்றைக்கு வாசலில் நின்ற இன்னொருவரும் நினைப்பில் கூடவே இருந்தார்.

மணி அடித்தது. அதே பெண்.

"கிடைச்சுட்டார். கிழக்குக் கால்வாய் வாய்லேயே. நண்டுக் கூட்டுக் கயிறு ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கிச்சு, நங்கூரம் பிடிக்காம இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. பாறைக்கு முப்பது மீட்டர்தான் இருந்துச்சு. குளிர்ல நடுங்கறார், வேற ஒண்ணும் இல்ல. போன் எஞ்சினுக்கு அடியில தண்ணியில விழுந்துடுச்சாம்." பிறகு கொஞ்சம் தணிந்து, "நீங்க எந்தப் பக்கம்னு சொல்லலேன்னா நாங்க மேற்கேதான் முதல்ல போயிருப்போம்," என்றாள்.

ராக்னி தொலைபேசியை வைத்தாள். வைத்த கை அங்கேயே இருந்தது. பதினாலு வருஷமாக வராத அழுகை, சத்தத்தோடு வந்தது. போர்கில் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "கிடைச்சுட்டான்ல, அப்புறம் எதுக்குடி அழறே," என்றார்.

"அவர் சொல்லிட்டுத்தான் போனார் அண்ணி."

"ஆமாம், சொல்லிட்டுத்தான் போனான், நல்ல பிள்ளை."

"ஓட்வார் இல்ல. ஸ்டெய்னார். வாசல்ல நின்னு என்கிட்ட சொன்னார். நான் பால் எண்ணிக்கிட்டிருந்தேன். கேக்கல. அவங்க போன்ல கேட்டப்ப, சொல்லலேன்னு சொல்லிட்டேன்."

போர்கிலின் கை முதுகில் நின்றுவிட்டது. ராக்னி அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அந்தக் கை எடுக்கப்பட்டுவிடும் என்று காத்திருந்தாள். தன் தம்பியைக் கிழக்கே தேடியிருக்கலாம் என்று இப்போது தெரிந்துவிட்ட அக்காவின் கை அது, எடுத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

"சொன்னானா," என்றார் போர்கில்.

"சொன்னார்."

"பதினாலு வருஷமா அவனைத் திட்டிக்கிட்டு இருந்தேனே. ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லார்கிட்டேயும் சொல்லிச் சொல்லித் திட்டினேனே." கிழவியின் குரல் உடைந்தது. "நீ என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"தெரியும்."

"உன்மேல எனக்குக் கோபம் வரும். நாளைக்கு வருமோ நாளன்னிக்கு வருமோ, கட்டாயம் வரும். இப்ப வரல." முந்தியிருந்த இடத்திலேயே கை மறுபடி அசைய ஆரம்பித்தது. "நாளைக்குக் காலையில கல்லறைக்குப் போய் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீயும் வா. உனக்கும் வேலை இருக்கு அங்க."

நாலு மணிக்கு மீட்புப் படகு ஓட்வாரைத் துறையில் இறக்கியது. வெள்ளைப் படகு பின்னால் கயிற்றில் ஆடிக்கொண்டு வந்தது. பனி விலகியிருந்தது, ஊரில் பாதி துறையில் நின்றது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓட்வார் தலையைக் குனிந்தபடி ஏறி வந்தார். தப்பு செய்த பையன்கூட அப்படி நிற்க மாட்டான்.

"அந்த ரெண்டு கம்பி," என்றார் ராக்னியிடம். "அன்னிக்கே இழுத்திருக்கணும். உங்க போனை அடிக்க வெச்சுட்டேன். வேற எந்த வீட்டுல அடிச்சாலும் பரவாயில்ல, உங்க வீட்டுல..."

"அடிச்சுது, எடுத்தேன்," என்றாள் ராக்னி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. சிரித்த முகமும் இல்லை. ஆனால் அந்த முகத்தில் எப்போதும் இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை, அது என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கம்பளி ஒரு பக்கம் சரிந்தது. அவள் அதை இழுத்து அவர் கழுத்துவரை மூடிவிட்டாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"நாளைக்குக் காலையில அண்ணியும் நானும் கல்லறைக்குப் போறோம். ஒன்பது மணிக்குக் கிளம்பறோம். பன்னெண்டுக்குள்ள திரும்பிடுவேன்," என்றாள்.

இதை ஏன் தன்னிடம் சொல்கிறாள் என்று ஓட்வார் கேட்கவில்லை. பல் கிட்டிக்கொண்டிருந்தது, வார்த்தை சரியாக வரவில்லை. ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு தாடையை நிலைப்படுத்திக்கொண்டார்.

"அண்ணியும் நீங்களும். கல்லறை. ஒன்பது மணி. பன்னெண்டுக்குள்ள," என்றார்.

"ம்," என்றாள் ராக்னி. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "பன்னெண்டுக்குள்ள," என்றாள்.